பேஷ்... பேஷ்... பேஸ் கிட்டார்!

ஆபீஸில் ஒரு பாஸ், வீட்டில் ஒரு பாஸ். இந்த இரண்டு பேரைச் சமாளிப்பதற்குள்ளேயே தாவு தீர்ந்துவிடுகிறது. மூன்றாவதாக ஒரு 'பேஸ்' வேறு தேவையா என்று கேட்காதீர்கள். தென்காசியில் நம் நண்பர் ஒருவருக்குத் தேவைப்பட்டது.

பகலில் ஃபைல், ராத்திரியில் பேஸ் கிட்டார். இதுதான் அவருடைய வாழ்க்கை. ஊர் ஊராகக் கோயில் கொடைகளில் கச்சேரி செய்யும் லைட் மியூசிக் குழு ஒன்றில் வாசிக்கிறார். மேடையில் டிரம்ஸ் பக்கமாக ஓரத்தில் நின்றுகொண்டு, நாலே கம்பி உள்ள கிட்டாரை வைத்து 'தும்... தும்...' என்று தட்டிக்கொண்டிருப்பாரே, யாருமே போட்டோ எடுக்காத ஆசாமி... அவரேதான்!

'அது என்ன பெரிய வாத்தியமா?' என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் உயரத்துக்கு நின்ற டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களின் கஷ்டம் தீர, அமெரிக்காவின் லியோ ஃபெண்டர் 1951-ல் 'பிரிஸிஷன் பேஸ்' என்ற மின்சார கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நம் ஊரில் இளையராஜாவின் பாட்டுகளில் சசிதரனின் பேஸையும், ஏ.ஆர்.ரஹ்மானின் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸின் பேஸையும் எடுத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்... உப்பில்லாத சாம்பார்!

நம்ம நண்பரின் சாம்பாருக்குத்தான் ஆபத்து வந்தது. ஒரு நாள் குழுத் தலைவர் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்க வீட்ல வாசிச்சுப் பழகுத மாதிரியே தெரியலையே. கீபோர்டு அண்ணன் இடது கையாலேயே பேஸை வாசிச்சிருதேங்கான். ஒரு ஆள் சம்பளமும் மிச்சம். ஆடி மாசக் கொடைக்குள்ள கையைச் சரி பண்ணுங்க. இல்லைன்னா பார்ப்போம்..."

'பார்ப்போம்' என்பதற்கு ஆபீஸில் என்ன அர்த்தமோ, அதேதான் மேடையிலும்.

மாடியில எவன் உரல் இடிக்கான்?

வீட்டில் பழக ஒரு ஆம்ப்ளிஃபயர் வேண்டும். நண்பர் முதலில் செய்த காரியம், மைக்செட் கட்டுகிற சிநேகிதரிடம் பழைய ஆம்ப்ளிஃபயரையும் இடுப்பு உயரத்துக்கு ஒரு பாக்ஸையும் இரவல் வாங்கி வந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரே ஒரு 'தும்' கொடுத்தார். கீழ்வீட்டுச் சமையலறையில் அலமாரித் தட்டெல்லாம் பரதநாட்டியம்!

வீட்டுக்கார அண்ணாச்சி படியேறி வந்தார். "ஏ தம்பி, மெயின் அருவியை மாடிக்கே திருப்பி விட்டுட்டியளா? இல்ல, எவனும் உரல் இடிக்கானா?"

மறுநாள் பாக்ஸ் வாசலைத் தாண்டியது. அடுத்ததாக அக்கா மகனின் 10 வாட் கிட்டார் ஆம்ப். மெதுவாக வைத்தால் பேஸே கேட்கவில்லை; கூட்டினால் 'பர்ர்ர்' என்று ஒரு சத்தம். நாலாம் நாள் ஸ்பீக்கர் கிழிந்தது. மாமாவுக்கும் மருமகனுக்கும் இன்னும் பேச்சு வார்த்தை முழுசாகத் திரும்பவில்லை.

ஏன் இப்படி? இங்கே கொஞ்சம் விஞ்ஞானம். பயப்படாதீர்கள், பரீட்சை இல்லை!

சாதாரண கிட்டாரின் தடித்த கம்பி விநாடிக்கு சுமார் 82 தடவை அதிர்கிறது. பேஸின் தடித்த கம்பி அதில் பாதி, 41 தடவைதான். சத்தம் எவ்வளவு கீழே போகிறதோ, அவ்வளவு காற்றை ஸ்பீக்கர் தள்ள வேண்டும். கிட்டார் ஸ்பீக்கர் அந்தப் பளுவுக்குச் செய்யப்பட்டதல்ல. ஸ்கூட்டரில் சிமென்ட் மூட்டை ஏற்றினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

இன்னொன்று, நம்முடைய காது. 1933-லேயே அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சர், மன்ஸன் என்ற இருவர் அளந்து சொல்லிவிட்டார்கள். வால்யூமைக் குறைக்கக் குறைய, மற்ற சத்தங்களைவிட அடிச்சத்தம்தான் காதுக்கு முதலில் மங்கும். அதனால் வீட்டில் மெதுவாக வாசிக்கிறவர் 'பேஸ் கேட்கலையே' என்று திருகுகிறார். சுவரோ கீச்சுச் சத்தத்தைத் தடுக்கிற அளவுக்கு அடிச்சத்தத்தைத் தடுப்பதில்லை. வாசிக்கிறவருக்குப் போதவில்லை, கீழ்வீட்டுக்குத் தாங்கவில்லை!

வாட்ஸைப் பார்த்து வாய் பிளக்காதீர்கள்

கடைக்குப் போனதும் நாம் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ்?" இது பெண் பார்க்கப் போய் எத்தனை பவுன் என்று கேட்பது மாதிரி. 15 வாட்டுக்குப் பதில் 30 வாட் வாங்கினால் சத்தம் இரண்டு மடங்காகாது, கொஞ்சம்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஒரு அறைக்கு 15 முதல் 30 வாட் தாராளம். டிரம்ஸோடு சேர்ந்து வாசிக்கத்தான் நூற்றுக்கு மேலே போக வேண்டும்.

பிறகு எதைப் பார்ப்பது?

ஒன்று, ஸ்பீக்கர். 8 அங்குலம் இருந்தால் வீட்டுக்கு நல்லது. 41 அதிர்வை அது முழுசாகத் தராது. ஆனால் அந்தச் சுரத்தோடு 82, 123 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே வரும். அவற்றைக் கேட்டதும் மூளை கீழ்ச் சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். அந்தக் காலத்தில் உள்ளங்கை டிரான்சிஸ்டரில்கூட பேஸின் மெட்டு நமக்குப் புரிந்தது இதனால்தான்!

இரண்டு, ஹெட்போன் துளை. வாடகை வீட்டுக்காரர்களுக்கு இதுதான் குலதெய்வம். இது இல்லாத ஆம்பை இலவசமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள். ஹெட்போன் ஒயர் உள்ளதாக இருக்கட்டும். புளூடூத்தில் சத்தம் ஒரு நொடிப்பொழுது பிந்தி வரும். தாளம் தண்டவாளம் மாறிவிடும்.

மூன்று, 'ஆக்ஸ்' துளை. செல்போனிலிருந்து பாட்டை உள்ளே கொடுத்து, அதோடு சேர்ந்து வாசிக்கலாம். தனியாக 'தும் தும்' என்று எத்தனை நாள் பழகுவது? பாட்டோடு வாசித்தால்தான் கை படியும்.

இந்த மூன்றும் உள்ளவற்றில் ஃபெண்டர் ரம்பிள் 25, ஆரஞ்ச் க்ரஷ் பேஸ் 25 இரண்டும் 25 வாட், 8 அங்குலம். ஹார்ட்கி எச்.டி.15 இன்னும் சின்னது. 15 வாட், ஆறரை அங்குலம். 'அவ்வளவுக்குக் கூடப் பணம் இல்லை சார்' என்கிறவர்களுக்கு வாக்ஸ் ஆம்ப்ளக் பேஸ் இருக்கிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. கிட்டாரிலேயே செருகிக்கொண்டு, ரிமோட்டுக்குப் போடுகிற குட்டி பேட்டரி இரண்டைப் போட்டு, ஹெட்போனில் கேட்க வேண்டியது. கரண்ட் போனாலும் கவலை இல்லை!

பழசு வாங்குகிறீர்களா?

நம்ம நண்பரின் கையில் இருந்தது சீட்டுப் பணம். அதனால் பழசு தேடினார். கூடவே நானும் போனேன். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி சில சோதனைகள் உண்டு. சொந்த கிட்டாரையே கொண்டுபோங்கள். எல்லாத் திருகுகளையும் திருகுங்கள். 'கரகர' என்றால் உள்ளே அழுக்கு. தடித்த கம்பியைச் சத்தமாக மீட்டுங்கள். 'பர்ர்' என்றால் கோன் கிழிசல். ஹெட்போனை மாட்டியும் கேளுங்கள். அந்தத் துளைதான் முதலில் லூஸாகும்.

கடையநல்லூர் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த ஆம்ப் என்றால் நம் 230 வோல்ட்டில் ஓடும். அமெரிக்க மச்சான் கொண்டுவந்தது என்றால் ஜாக்கிரதை! பின்பக்கம் 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால், வோல்ட்டேஜைக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் பிளக்கைச் செருகாதீர்கள். புகை வரும், மச்சான் வரமாட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் வேலை இருக்கிறது. ஆம்பைச் சுவர் மூலையில் வைக்காதீர்கள். மூலை அடிச்சத்தத்தை ஊதிப் பெரிசாக்கும். தரையிலும் வேண்டாம், ஒரு ஸ்டூலில், அடியில் தடித்த துணியோடு வையுங்கள். தரைக்குப் போகிற அதிர்வு குறையும். உங்கள் காதுக்கும் கிட்டே வரும். எர்த் உள்ள மூன்று முள் பிளக் கட்டாயம். 'ஸ்கொயர் வேவ்' இன்வெர்ட்டரில் ஓட்டினால் 'ஞொய்' என்று ஒரு வண்டு கூடவே பாடும். நம்ம பக்கம் ஜூன் பிறந்தால் குற்றாலச் சாரல் ஜன்னல் வழியாக எட்டிப்பார்க்குமே... மனுஷனுக்குச் சுகம், கம்பிக்குத் துரு. வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து உறையில் போடுங்கள். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

நண்பருக்கு 25 வாட், 8 அங்குலத்தில் ஒன்று அமைந்தது. அதற்குப் பிறகு இரண்டு மாசம் தினம் ராத்திரி ஒரு மணி நேரம் ஹெட்போனோடு உட்கார்ந்தார். கீழே ஒரு சத்தம் இல்லை. அண்ணாச்சிக்கே சந்தேகம். "தம்பி, அந்தக் கிட்டாரை வித்துட்டியளா? நான் ஏதும் வெடுக்குன்னு பேசிட்டனோ?"

ஆடிக் கொடை வந்தது. அண்ணாச்சி முதல் வரிசையில் குடும்பத்தோடு ஆஜர். நாலாவது பாட்டில் யாரோ ஒயரை மிதிக்க, நண்பரின் பேஸ் அரை நிமிஷம் செத்துப்போனது. பிறகு சரியானது. குழுத் தலைவர் திரும்பிப் பார்த்து, 'போகாதேப்பா' என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

கச்சேரி முடிந்ததும் அண்ணாச்சி மேடைக்குப் பின்னால் வந்து நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உண்மையைச் சொல்லுதேன் தம்பி. நீங்க என்ன வாசிச்சியன்னு எனக்கு ஒண்ணும் விளங்கலை. ஆனா நடுவுல ஒரு பாட்டு திடீர்னு தரை இல்லாத வீடு மாதிரி ஆயிப்போச்சு பாருங்க... அப்பத்தான் விளங்குச்சு, இம்புட்டு நேரம் தரையா இருந்தது நீங்கதான்னு!"

அடுத்த மாசம் கீபோர்டு அண்ணனின் இடது கை கீபோர்டிலேயே இருந்தது. வாடகையும் ஏறவில்லை!