கிராமக் கணக்கும் குடியானவர் பொறுப்பும்

பெருந்துறைப் பகுதிக் கிராமங்களில் முற்காலத்தில் மணியக்காரரும் கர்ணமும் பரம்பரைப் பாத்தியதையாக உத்தியோகம் வகித்து வந்தனர். அதற்குரிய வாரிசு முறையை 1895-ஆம் வருஷத்துச் சென்னைச் சட்டம் வரையறுத்தது. எந்தக் காணி எவர் அனுபவத்திலுள்ளது, யாது பயிரிடப்பட்டது என்பனவெல்லாம் கர்ணத்தின் ஏட்டிலேயே அடங்கியிருந்தன. அவருக்கு வேண்டாதவர் பாடு கஷ்டமே.

பரம்பரையை முன்னிட்டுப் பதவியளித்தல் அரசியலமைப்புக்கு முரணென்று 1960-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பின்னர் 1980 நவம்பர் 14-ஆம் தேதி, எம். ஜி. இராமச்சந்திரன் மந்திரிசபைக் காலத்தில், சுமார் 23,000 பகுதிநேரக் கிராம உத்தியோகங்கள் தமிழ்நாட்டில் ரத்து செய்யப்பட்டன. 1982-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதனை ஒப்புக்கொண்டது. பரீட்சையில் தேறிய கிராம நிர்வாக அலுவலர் முழுநேரச் சம்பளத்தில் நியமனம் பெறலாயினர்.

இதனால் குடும்பச் செல்வாக்கு குன்றியது மெய்யே. ஆயினும் பழைய கர்ணம் ஒவ்வொரு வயலையும் வரப்பையும் நேரில் அறிந்தவர்; மாற்றலாகி வரும் அலுவலருக்கு அவ்வறிவு உடனே வாய்ப்பதில்லை. மஞ்சள் நட்ட நிலம் அடங்கலில் தரிசென்று பதிவாயின், பயிர்க்கடனும் வெள்ள நிவாரணமும் தடைப்படக்கூடும்.

ஆகையால் ஜூலை 1-ஆம் தேதி பசலி பிறந்ததும், குடியானவர் தத்தம் சர்வே எண்ணையும் பயிரையும் அலுவலரிடம் நேரில் தெரிவித்தல் நலம். பிழை காணின் ஜமாபந்தியில் மனுச் செய்து திருத்திக்கொள்வாராக. அலுவலரும் வயலைப் பாராது ஏட்டை நிரப்பலாகாது.