சி.டி. இருக்கு... காவல்காரர் எங்கே?

கோடை விடுமுறைக்கு என் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். துறையூர் தாண்டி, பச்சைமலை அடிவாரத்தில் வீடு. மலை ஏறி அருவியில் குளிக்கலாம் என்றுதான் கிளம்பினேன். அருவியில் தண்ணீரே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வெயிலில் எங்கும் போக முடியாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தோம்.

அப்போது ஏழாம் வகுப்பு படிக்கும் தம்பி மகன், அலமாரியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே பளபளவென்று ஒரு சி.டி.! கோட்டை கட்டி, படை திரட்டிச் சண்டை போடும் கம்ப்யூட்டர் விளையாட்டு. என் தம்பி முதன்முதலாக வேலைக்குப் போன 2003-ம் ஆண்டில், திருச்சிக்குப் போய் வாங்கியது. ஒரு கீறல்கூட இல்லை. அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தான்.

புது லேப்டாப்பில் சி.டி. போட இடமே கிடையாது. பக்கத்து வீட்டிலிருந்து, ஒயரில் மாட்டும் சி.டி. டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி வந்தோம். சி.டி. சுற்றியது. விளையாட்டு லேப்டாப்பில் ஏறியது. படத்தின் மேல் கிளிக் செய்தால்... ஒன்றுமே நடக்கவில்லை!

“சி.டி. கெட்டுப்போச்சா பெரியப்பா?” என்றான் பையன்.

சி.டி. கெடவில்லை. விளையாட்டும் கெடவில்லை. பிறகு ஏன் ஓடவில்லை? அதற்குப் பூட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

ஒரு விளையாட்டைப் பலர் சேர்ந்து, வருடக்கணக்கில் உழைத்து உருவாக்குகிறார்கள். அதை ஒருவர் வாங்கி நூறு பேருக்குக் காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டால், உழைத்தவர்களுக்கு என்ன கிடைக்கும்? அதனால் ஆரம்ப காலத்திலிருந்தே விளையாட்டுகளுக்குப் பூட்டு போட்டார்கள். அவற்றில் ஒரு வகை காகிதப் பூட்டுகள்.

‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் அப்பாவைக் கேட்டால் முகம் மலரும்! ஜோர்டான் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர், தன் தம்பியை ஓடவும் தாவவும் வைத்துப் படம் பிடித்து, அந்த அசைவுகளைப் பார்த்தே இளவரசனை வரைந்து 1989-ல் வெளியிட்ட விளையாட்டு அது. அதில் முதல் கட்டம் முடிந்ததும் ஓர் அறை வரும். தரையில் நிறைய மருந்துக் குப்பிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. விளையாட்டோடு தந்த சிறு புத்தகத்தில் இத்தனையாம் பக்கம், இத்தனையாம் வரி, இத்தனையாம் சொல்லின் முதல் எழுத்து எது என்று பார்த்து, அந்தக் குப்பியைத்தான் குடிக்க வேண்டும். தப்பான குப்பியைக் குடித்தால் இளவரசனுக்கு ஆபத்து! புத்தகம் இல்லாமல் ஃப்ளாப்பியை மட்டும் காப்பி எடுத்தவர்கள் அந்த அறையில் திருதிருவென விழித்தார்கள். (புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்தவர்களும் உண்டு. அது வேறு கதை.)

சி.டி. காலம் வந்தபோது பூட்டும் மாறியது. அந்தக் காலத்தில் மிகவும் பரவலாக இருந்தது ‘சேஃப்டிஸ்க்’. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’, ‘தி சிம்ஸ்’, ‘பேட்டில்ஃபீல்ட் 1942’ என்று அந்த நாளில் உலகமே விளையாடிய விளையாட்டுகளில் இந்தப் பூட்டு இருந்தது.

அது வேலை செய்த விதம் வேடிக்கையானது. ஆசிரியர் கரும்பலகையில் வேண்டுமென்றே நாலு பிழையோடு ஒரு பாடம் எழுதிப் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். “அப்படியே எழுதிக்கொள்” என்கிறார். வகுப்புக்கு வராத ஒருவன், நண்பனின் நோட்டைப் பார்த்துக் காப்பி அடிக்கும்போது, கெட்டிக்காரத்தனமாகப் பிழைகளைத் திருத்திவிடுகிறான். மறுநாள் ஆசிரியர், “அந்தப் பிழைகள் எங்கே?” என்று கேட்டால்? மாட்டிக்கொள்வான்! சேஃப்டிஸ்க் சி.டி.யிலும் இப்படி வேண்டுமென்றே சில பிழைகளைப் பதித்திருப்பார்கள். சாதாரணமாகக் காப்பி எடுத்தால் அந்தப் பிழைகள் சரியாக வராது. விளையாட்டு தொடங்கும்போது ஒரு சின்ன புரோகிராம் சி.டி.யைச் சோதிக்கும். பிழை இருந்தால் அசல், உள்ளே போ. இல்லையென்றால் நகல், வெளியே போ!

இந்தச் சோதனையைச் செய்த காவல்காரர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதில்தான் வினை.

ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். ஏழு பிராகாரங்கள். வெளிச் சுற்றுகளில் வீடுகளும் கடைகளும் இருக்கின்றன. யாரும் போகலாம், வரலாம். உள்ளே செல்லச் செல்லக் கட்டுப்பாடு அதிகம். விண்டோஸும் அப்படித்தான். நாம் படம் வரைவது, பாட்டு கேட்பது எல்லாம் வெளி வீதி வேலைகள். நடுவில், கம்ப்யூட்டரின் எல்லாப் பாகங்களையும் ஆட்டிவைக்கும் இடம் இருக்கிறது. சேஃப்டிஸ்க்கின் காவல்காரரை அந்த உள் பிராகாரத்திலேயே உட்கார வைத்திருந்தார்கள்.

அங்கே இருப்பவர் அசந்தால் என்ன ஆகும்? 2007-ல் அந்தக் காவல் புரோகிராமில் ஓர் ஓட்டை இருப்பது தெரிந்தது. அதன் வழியாக, வெளி வீதியில் நிற்க வேண்டிய திருட்டு புரோகிராம் உள் பிராகாரம் வரை போய்விடலாம்! மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அந்த ஆண்டு டிசம்பரில் ஓட்டையை அடைத்தது. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது, காவல்காரருக்கு அதில் இடமே தரவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் விண்டோஸ் விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் அவரை வேலையிலிருந்து நிறுத்தியது.

பாதுகாப்புக்குச் சரியான முடிவுதான். ஆனால், “காவல்காரர் சொன்னால்தான் கதவைத் திறப்பேன்” என்று அடம்பிடிக்கும் விளையாட்டுகள் என்ன செய்யும்? சி.டி. இருக்கிறது, விளையாட்டு இருக்கிறது, சோதிக்க ஆள் இல்லை. கதவு மூடியது மூடியதுதான்.

இதையெல்லாம் கேட்ட பையன் ஒரு கேள்வி கேட்டான்.

“அப்போ திருட்டு சி.டி. வாங்குனவங்க?”

நல்ல கேள்வி! திருட்டு சி.டி.க்காரர்கள் பூட்டையே கழற்றி எறிந்துவிட்டுத்தான் விற்றார்கள். அவற்றுக்குக் காவல்காரர் தேவையே இல்லை. அதனால் பூட்டு கழற்றிய நகல் புது கம்ப்யூட்டரிலும் ஓடலாம். காசு கொடுத்து வாங்கிய அசல் ஓடாது!

“அப்பா நியாயமா வாங்கினாங்க. அவங்கதானே ஏமாந்தாங்க?” என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

“நெட்ல கிராக் கிடைக்குமாம் பெரியப்பா, போடலாமா?” என்பது அடுத்த கேள்வி. வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். முகம் தெரியாத யாரோ வைத்திருக்கும் ‘கிராக்’கில் வைரஸ் ஒளிந்திருக்கலாம். ஓட்டை என்று ஒரு காவல்காரரை நீக்கிவிட்டு, திருடனையே வீட்டுக்குள் விடுவதா?

நேர்மையான வழிகளும் உண்டு. சில நிறுவனங்கள் தாங்களே பூட்டைத் திறந்துவிட்டன. ‘ஸ்டார்கிராஃப்ட்’ விளையாட்டை உருவாக்கிய பிளிஸார்ட், 2008-ல் ஒரு திருத்தம் வெளியிட்டு, சி.டி. இல்லாமலே ஆட வழி செய்தது. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ புதுப்பிக்கப்பட்டு 2013-லும் 2019-லும் மீண்டும் விற்பனைக்கு வந்தது. என்ன, மறுபடி காசு கொடுக்க வேண்டும்! அமெரிக்காவில், பழைய விளையாட்டுகளைப் பாதுகாக்க நூலகங்கள் பூட்டைத் திறக்கலாம் என்று 2006-ல் விதிவிலக்கு தந்தார்கள். நம் நாட்டில் 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை என்று சேர்த்தார்கள்.

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவுக்கும் ஒரு கண்டம் வந்தது. மெக்னர் எழுதிய மூல புரோகிராமே காணாமல் போயிருந்தது. 2012-ல் அவருடைய அப்பா, வீட்டு அலமாரியின் பின்னால் ஒரு பெட்டியைக் கண்டுபிடித்தார். உள்ளே இருபது வருடத்துக்கும் மேலான ஃப்ளாப்பிகள்! பழைய கம்ப்யூட்டர் நிபுணர்கள் உதவியோடு அவற்றைப் பத்திரமாகப் படித்தெடுத்து, யாரும் பார்க்கும்படி மெக்னர் வெளியிட்டார்.

இப்போதைய விளையாட்டுகளுக்குக் காவல்காரர் சி.டி.யில் இல்லை, எங்கோ தொலைதூரத்தில், நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் இருக்கிறார். அதை நிறுத்தினால்? ‘தி க்ரூ’ என்ற கார் விளையாட்டுக்கு 2024 மார்ச்சில் அதுதான் நடந்தது. காசு கொடுத்து வாங்கியவர்களும் ஆட முடியவில்லை. விற்ற விளையாட்டை இப்படி முடக்கக் கூடாது என்று ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள்.

சரி, தம்பியின் சி.டி. என்ன ஆயிற்று? சாயங்காலம் தம்பி வயலிலிருந்து வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் பரணில் ஏறினான். மரவள்ளிக் கிழங்கு மூட்டை கட்டும் சாக்குகளுக்கு அடியிலிருந்து பழைய கம்ப்யூட்டரை இறக்கினான். விண்டோஸ் எக்ஸ்.பி.! அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014-லேயே நின்றுவிட்டன. அதனால் அதில் இன்டர்நெட் இணைப்பு மட்டும் கொடுக்கவில்லை. சி.டி. டிரைவ் திறக்காமல் முரண்டு பிடித்தது. முன்பக்கம் சின்னத் துவாரம் இருக்கிறதே, அதில் ஊக்கை நிமிர்த்திக் குத்தியதும் வெளியே வந்தது.

சி.டி. கரகரவென்று சுற்றியது. முரசு முழங்கியது. தம்பிக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்!

“அப்பா, எனக்கு ஒரு ஆட்டம்பா...” என்று பையன் கெஞ்சிக்கொண்டே இருந்தான். “இரு, இந்தக் கோட்டையை முடிச்சுட்டுத் தர்றேன்” என்றான் தம்பி. கோட்டை முடிவதற்குள் கரண்ட் போய்விட்டது.