கெப்பை உயர்த்துமுன் பாரத்தைப் பாருங்கள்

மடவளையிலிருந்து ஹுன்னஸ்கிரிய, மீமுரே பக்கம் மிளகு எடுக்கப் போகும் நம்மவர் பலரிடம் டபள் கெப் இருக்கிறது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் திறந்தது, விலையோ கைக்கெட்டுவதாயில்லை. ஆகவே பழைய வண்டியையே உயர்த்திக் கட்டுகிறார்கள்.

"சாமான் ஏற்றுகிறேன், நல்ல பலமான கொயில் ஸ்பிரிங் போடுங்கள்" என்று கராஜில் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். 2005க்குப் பின் வந்த ஹைலக்ஸில் கொயில் ஸ்பிரிங் முன்னால் மட்டுமே. மூட்டைகளைப் பெரும்பாலும் தாங்குவது பின்னாலுள்ள, தகடு அடுக்கிய ஸ்பிரிங். முன் ஸ்பிரிங்கைத் தீர்மானிப்பவை எஞ்சினும், இரும்பு பம்பரும், வின்ச்சுமே. பம்பரும் வின்ச்சும் இல்லாதவர் கடினமான ஸ்பிரிங் வாங்கினால் வண்டி குதிக்கும். பணத்தோடு முதுகும் போகும். ஸ்பேசர் மலிவுதான், உயரம் தரும், பலம் தராது.

2 அங்குலத்துக்கு மேல் ஆசைப்பட வேண்டாம், ட்ரைவ் ஷாஃப்ட் மூட்டுகள் கோணலாகி விரைவில் தேயும். மாட்டியதும் வீல் அலைன்மென்ட் பாருங்கள்.

பின்பக்கத்தையும் உயர்த்துவதானால் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். பாரத்துக்கேற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு பல ஹைலக்ஸ்களில் உண்டு. அதைச் சரிசெய்யாவிட்டால், மூட்டைகளோடு மஹியங்கனை வீதியின் பதினெட்டு வளைவில் இறங்கும்போதும், பாரம் குறைவென்றே கணக்கிட்டு அது பின் பிரேக்கைக் குறைத்துக் கொடுக்கும்.