கணிப்பொறிக்குள் ஒரு வலையமைப்பு

செம்பரம்பாக்கத்து ஏரிக்கரையில் நின்று மதகுகளை நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். கதவை எவ்வளவு உயர்த்தினால் அடையாறு எவ்வளவு பெருகும் என்பதை அவ்வாற்றையே கொண்டு சோதித்தல் தகாது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளில் வினாடிக்குச் சுமார் 29,000 கன அடி நீர் வெளியேறியபோது நகர மாந்தர் எய்திய இன்னல் யாவரும் அறிந்ததே. ஆதலின் ஆராய்ச்சிக்கு மாதிரி வேண்டும்.

கணிப்பொறி வலையமைப்பிற்கும் இது பொருந்தும். தொடர்பு தாமதித்தால், செய்திப் பொதிகள் வழியிற் சிதறினால், யாது நிகழும்? பலர் நாடோறும் பயன்படுத்தும் தொடர்பைக் கெடுத்து நாம் இதனைக் கற்றலாகாது. இதன்பொருட்டு எழுந்தனவே வலையமைப்பு மாதிரி மென்பொருள்கள். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் தோன்றிய மினிநெட் அவற்றுள் ஒன்று. நம் நாட்டில் சூரத்கல் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தார் பைத்தான் மொழியில் இயற்றிய நெஸ்ட் மற்றொன்று.

நெஸ்ட் செய்வது யாது? லினக்ஸின் கருவாகிய கெர்னல், ஒரே பொறிக்குள் தனித்தனி வலை உலகங்களை வகுக்க வல்லது. இவற்றிற்கு நேம்ஸ்பேஸ் என்பது பெயர். நெஸ்ட் ஒவ்வொன்றையும் ஒரு கணிப்பொறி போலாக்கி, பொய்க் கம்பிகளால் இணைத்து, 'நெட்எம்' என்னும் கருவியால் தாமதமும் இழப்பும் விதிக்கின்றது. கம்பி பொய்யாயினும் அதில் ஓடும் பொதிகள் மெய்யே. இரு முனைகளுக்கிடையே போக 100, வர 100 மில்லி வினாடித் தாமதம் விதித்துப் 'பிங்' அனுப்பினால், விடை சுமார் 200 மில்லி வினாடியில் வந்து சேரும்.

இம்மென்பொருளை டாக்கர் கன்டெய்னருக்குள் நிறுவுவது எளிது. பைத்தான், ஐ.பி. கருவிகள், பிங், நெட்பெர்ஃப், ஐபெர்ஃப் ஆகியவற்றை முன்னர் நிறுவி, பின்னர் நெஸ்டைச் சேர்த்தால் போதும். ஆயினும் இயக்கியவுடன் "அனுமதி இல்லை" என்னும் மறுப்பே பெரும்பாலும் கிடைக்கும். கன்டெய்னருக்குச் சொந்தக் கெர்னல் இன்மையே காரணம். அது வீட்டுக்காரன் அடுப்பிற் சமைக்கும் குடித்தனக்காரனை ஒக்கும். புதிய நேம்ஸ்பேஸ் வகுக்கும் அதிகாரத்தை டாக்கர் இயல்பாக அதற்கு வழங்குவதில்லை. நெட்எம் பகுதியும் தாய்ப்பொறியின் கெர்னலில் இருத்தல் வேண்டும். கன்டெய்னருக்குள் எதை நிறுவினும் அக்குறை தீராது.

'பிரிவிலெஜ்ட்' என்னும் ஆணையால் முழு அதிகாரமும் அளித்தால் யாவும் இயங்கும். ஆனால் அது மதகு முழுவதையும் திறந்துவிடுவதே யாகும். உள்ளே நேரும் பிழை தாய்ப்பொறியையும், அதில் உள்ள பிறர் வேலையையும் அழிக்கக்கூடும். பலர் பயிலும் ஆய்வுக்கூடப் பொறியில் இது தகாது. முதலில் சொந்தக் கெர்னலுடைய மெய்நிகர்ப் பொறி ஒன்றை அமைத்து, அதனுள் கன்டெய்னரை இயக்குவதே நன்று. அங்கே கரை உடையினும் பிறர் வீடு நனையாது.