கரையோர வீடுகளில் மூட்டைப்பூச்சி

சிலாபத்திலிருந்து வடக்கே உடப்பு, முந்தல், புத்தளம் எனச் சென்று, கடலுக்கும் களப்புக்கும் நடுவே நீண்டு கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பம் வரையிலும் பரந்த இக்கரையோரத்தில், இடம் மாறி உறங்குவது ஜனங்களின் வாழ்க்கையில் ஓர் அங்கமாகவே இருந்து வருகின்றது. சோளகக் காற்று எழுந்து மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மீனவர் பலர் வலையும் பாயுமாகக் கிழக்குக் கரைக்குச் சென்று வாடி அமைத்துத் தங்குகின்றனர். தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு நாட்டின் பல திசைகளிலிருந்தும் வரும் யாத்திரிகர்கள் நாட்கணக்கில் அவ்விடத்திலேயே தங்கி வழிபடுகின்றனர். உடப்புத் திரௌபதை அம்மன் கோவில் தீமிதிப்புக்கும் உற்றார் உறவினர் வந்து கூடுகின்றனர். இத்தகைய பிரயாணங்களில், மடித்த பாயிலும் துணிப்பையின் தையலிலும் ஒளிந்துகொண்டு உடன் வரக்கூடிய பிராணிதான் மூட்டைப்பூச்சி. அதைப் பற்றி வாய்திறக்கவே நம்மவர் கூசுகின்றனர். அந்தக் கூச்சத்தைப் போல அதற்கு வாய்த்த பாதுகாப்பு வேறொன்றில்லை என்பதே என் உறுதியான எண்ணம்.

வீட்டில் மூட்டைப்பூச்சி இருந்தால் வீட்டுக்காரி அசுத்தமானவள் என்று ஊர் பேசும் பேச்சு முற்றிலும் நியாயமற்றது. கரப்பானைப் போல எச்சிலையும் குப்பையையும் நாடி வருவதன்று இது. இரத்தத்தைத் தவிர வேறெதையும் உண்ணாது. ஆகவே மனிதர் உறங்குமிடம் ஒன்றிருந்தால், அது மாளிகையாயினும் கிடுகுக் கொட்டிலாயினும் அதற்குப் போதும். சிறகற்ற, தட்டையான, செம்பழுப்பு நிறமுள்ள இப்பூச்சி வளர்ந்த நிலையில் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீளமுடையது. நம்முடையதைப் போன்ற உஷ்ணப் பிரதேசங்களில் பெருகும் இனத்தைச் சைமெக்ஸ் ஹெமிப்டீரஸ் என்று விஞ்ஞானிகள் அழைக்கின்றனர். பகற்பொழுதைக் கட்டிற் சட்டத்தின் பொருத்துகளிலும், சாக்குக் கட்டிலின் மடிப்பிலும், பிரம்புக் கதிரையின் பின்னலிலும் கழித்துவிட்டு, இரவில் நம் மூச்சுக் காற்றையும் உடற்சூட்டையும் குறிப்பாகக் கொண்டு வெளியே வந்து, சில நிமிஷங்களில் வயிறு நிரம்பக் குடித்துத் தன் மறைவிடம் சேர்ந்துவிடும். குஞ்சு பெரிதாவதற்கு ஐந்து முறை தோலுரிக்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் முன்னர் இரத்த போஜனம் அவசியம்.

பஞ்சதந்திரத்தில், அரசனின் மஞ்சத்தில் நெடுங்காலம் அமைதியாக வாழ்ந்த பேன் ஒன்று விருந்தாளியாக வந்த மூட்டைப்பூச்சிக்கு இடங்கொடுக்க, அது அவசரப்பட்டுக் கடித்துவிட்டுக் கட்டிற் சந்துக்குள் மறைந்துகொள்ள, சேவகர் கையில் அகப்பட்டு உயிர்விட்டது பேன்தான். அக்கதையைச் சொன்னவர் இப்பூச்சியின் சுபாவத்தை நேரிற் கண்டறிந்தவராகவே இருக்க வேண்டும்.

இதனால் மனிதருக்கு நோய் தொற்றுவதாக நிரூபிக்கப்படவில்லை. அரிப்பும், தடிப்பும், நித்திரைக் கேடுமே இதன் கொடுமை. எனினும் நோயொழிப்பின் சரித்திரத்தில் இதற்கும் ஓரிடம் உண்டு. 1934–35இல் தெதுறு ஓயாப் பள்ளத்தாக்கு முதலிய பிரதேசங்களில் மூண்டெழுந்த மலேரியா இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொள்ளைகொண்டது. அந்த ஆறு கடலோடு கலப்பது நமது சிலாபத்தருகே. 1946 முதல் வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. தெளிக்கப்பட்டு வந்ததன் பயனாக, 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். நுளம்புக்காகத் தெளித்த மருந்து தொடக்கத்தில் மூட்டைப்பூச்சியையும் கொன்றது; ஆயினும் ஹவாயின் பேர்ள் துறைமுகத்துப் படைவீரர் குடியிருப்பில் அம்மருந்துக்கு மசியாத மூட்டைப்பூச்சிகள் 1947 அளவிலேயே காணப்பட்டன. பின்னர் உலகின் பல பாகங்களிலும் இவ்வாறே நிகழ, மூட்டைப்பூச்சி சாகாத மருந்தினால் யாது பயன் என்று மலேரியா ஊழியரை வாசலிலேயே திருப்பியனுப்பிய கிராமங்களும் உண்டு. 2016இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. மூட்டைப்பூச்சியோ இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

இதை ஒழிக்க உஷ்ணமே உத்தமமான உபாயம். 50 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூடு சிறிது நேரம் நிலைத்தால் பூச்சியும் முட்டையும் மடியும். பாயை மணலில் விரித்துவிட்டால் மட்டும் போதாது. பூச்சிகள் நிழற்புறத்துக்கு ஊர்ந்துவிடும். கறுப்புப் பொலித்தீன் உறையிற் கட்டி, உள்ளே நன்கு சூடேறும்படி உச்சி வெயிலிற் கிடத்த வேண்டும். துணிகளைக் கொதிநீரில் அமிழ்த்தி, கட்டிலைக் கழற்றிப் பொருத்துகளிற் கொதிநீர் ஊற்றி, சுவர் வெடிப்புகளைப் பூசி அடைத்து, முட்டை பொரிக்கும் காலத்தைக் கருதி ஒன்றிரண்டு வாரத்தில் மீண்டும் அவ்வாறே செய்ய வேண்டும். ஒரே வாடியில் உறங்குவோர் அனைவரும் ஒருங்கே செய்யாவிடில் முயற்சி வீணாகும்.

மண்ணெண்ணெய் பூசுவது தீவிபத்துக்கு இடமளிக்கும். அதனினும் அபாயகரமானது, மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் அடிக்கும் பூச்சிநாசினியைப் படுக்கையில் தெளிப்பது. தோட்டமும் வீடும் அருகருகே அமைந்த கற்பிட்டிப் பக்கத்தில் அது கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும். பிள்ளைகள் இரவு முழுவதும் முகம் புதைத்து மூச்சுவிடும் தலையணையில் அதன் ஒரு துளிகூடப் படலாகாது.