திரும்ப மறுக்கும் செயலிகள்

டேப்லட்டை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் திரையும் அதற்கேற்பத் திரும்பும் என்பது 2010இல் முதல் ஐபேட் வந்தது முதலே பழகிப்போன வசதி. பெரும்பாலான செயலிகள் அப்படித்தான் நடந்துகொள்கின்றன. சில மட்டும் அசைவதில்லை. டேப்லட்டை அகலவாக்கில் வைத்தாலும் அவை நெட்டுவாக்கிலேயே நிற்கின்றன. பழைய சாதனமானால் எழுத்துகள் எல்லாம் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும். புதிய சாதனமானால் நடுவில் ஓர் ஒடுங்கிய பட்டையில் செயலியும் இருபுறமும் வெறும் கறுப்பும் தெரியும். இதைச் சாதனத்தின் பழுது என்று நினைப்பது இயல்பு. ஆனால் காரணம் பெரும்பாலும் செயலியை எழுதியவர் எடுத்த ஒரு முடிவுதான். அந்த முடிவின் விலையை உணர்பவர்கள், கைக்குக் கிடைத்த ஒரே ஒரு சாதனத்தில் எல்லா வேலையும் பார்க்க வேண்டியவர்கள். மலேசியாவின் கோலசிலாங்கூர், உலு சிலாங்கூர் வட்டாரத் தோட்டப்புறங்களில் அப்படிப்பட்ட குடும்பங்கள் உண்டு.

திரை திரும்பும் விதம்

டேப்லட்டுக்குள் முடுக்கமானி என்ற நுண்ணிய உணரி இருக்கிறது. புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை அது மூன்று அச்சுகளில் அளக்கிறது. இழுவை நீளப்பக்கத்தின் வழியாக இருந்தால் சாதனம் நெட்டுவாக்கில் நிற்கிறது. குறுகிய பக்கத்தின் வழியாக இருந்தால் அகலவாக்கில் நிற்கிறது. இயங்குதளம் இந்த அளவைப் படித்து, திரையைத் திருப்பும்படி செயலிக்குச் சொல்கிறது.

டேப்லட்டைத் தரையிலோ மேசையிலோ மல்லாக்கக் கிடத்தினால் ஈர்ப்பு முழுவதும் திரையின் முதுகுப் பக்கம் போய்விடும். மற்ற இரு அச்சுகளிலும் அளவு ஏறக்குறைய பூச்சியம். அப்போது எந்தப் பக்கம் மேல் என்று உணரிக்குத் தெரியாது. திரை கடைசியாக இருந்த நிலையிலேயே நிற்கும். பாயில் உட்கார்ந்து, டேப்லட்டை முன்னால் கிடத்தி வீட்டுப்பாடம் செய்யும் பிள்ளைக்குத் திரை திரும்பாததற்குப் பல நேரம் இதுவே காரணம். ஒரு நொடி நிமிர்த்திப் பிடித்துவிட்டுக் கீழே வைத்தால் சரியாகிவிடும். நிமிர்த்தியும் திரும்பாவிட்டால்தான் செயலியைச் சந்தேகிக்க வேண்டும்.

பூட்டுவதற்கான காரணம்

ஆண்ட்ராய்டில் திரை திரும்பும்போது, இயங்குதளம் அந்தச் செயலியின் பக்கத்தை அழித்துவிட்டுப் புதிய அளவில் மறுபடி உருவாக்குகிறது. நிரலாளர் முன்னேற்பாடு செய்திருந்தால் பயனருக்கு இது தெரியாது. செய்யாவிட்டால், பாதி நிரப்பிய படிவம் வெறுமையாகும். பாதி பார்த்த காணொளி தொடக்கத்துக்குப் போகும். இதைச் சரிசெய்ய ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியே நிரல் எழுதி, இரு நிலைகளிலும் சோதித்துப் பார்க்க வேண்டும். செயலியின் விவரக் கோப்பில் ‘போர்ட்ரெய்ட்’ என்று ஒரே ஒரு குறிப்பைச் சேர்த்தால் இந்த வேலை முழுவதும் மிச்சம். திரையே திரும்பாது என்றால் எதுவும் அழியாது. ஆப்பிள் சாதனங்களிலும் எந்தெந்தத் திசைகளை ஏற்பது என்பதைச் செயலியே ஒரு பட்டியலில் அறிவிக்கிறது.

கைப்பேசியில் இந்தக் குறுக்குவழியால் பெரிய இடைஞ்சல் இல்லை. அதைப் பெரும்பாலோர் நிமிர்த்தியே பிடிக்கிறார்கள். டேப்லட் அப்படியல்ல. விசைப்பலகையோடு இணைத்தாலோ, உறையை மடித்து நிறுத்தினாலோ அது அகலவாக்கில்தான் நிற்கும். கைப்பேசிக்காக மட்டும் எழுதப்பட்ட செயலி அங்கேதான் அகப்பட்டுக்கொள்கிறது. பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2010இல் தொடங்கிய இன்ஸ்டாகிராம், ஐபேடுக்கென்று தனிச் செயலியை வெளியிட்டது 2025 செப்டம்பரில்தான். வாட்ஸ்அப்பின் ஐபேட் செயலியும் அதே ஆண்டு மே மாதம்தான் வந்தது.

தோட்டப்புறத்தின் கணக்கு

மலேசியாவில் 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்கள் திரைக்கு மாறின. அவ்வாண்டு கல்வி அமைச்சு நடத்திய ஆய்வில், ஏறக்குறைய 37 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தச் சாதனமும் இல்லை என்று தெரியவந்தது. திறன்பேசி வைத்திருந்தவர்கள் சுமார் 46 விழுக்காடு. டேப்லட் வைத்திருந்தவர்கள் ஏறத்தாழ 6 விழுக்காடு. எட்டு மாணவர்களுக்குத் திறன்பேசி என்றால் ஒருவருக்கே டேப்லட் என்ற நிலையில், பாடங்களும் பயிற்சிகளும் கைப்பேசித் திரையின் அளவை மனத்தில் வைத்தே பகிரப்பட்டதில் வியப்பில்லை.

2020 நவம்பரில் தாக்கலான வரவு செலவுத் திட்டத்தில் இந்த இடைவெளியை நிரப்ப ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. அரசின் முதலீட்டு நிறுவனமான கசானாவின் அறவாரியம் யாயாசான் ஹசானா வழியாக, 500 பள்ளிகளில் 1,50,000 மாணவர்களுக்கு 15 கோடி ரிங்கிட் செலவில் மடிக்கணினி வழங்குவது நோக்கம். செர்டிக் என்ற பெயரில் 2021இல் நடைமுறைக்கு வந்தபோது டேப்லட்டுகளும் அதில் சேர்ந்தன. ‘டெலிமா’ என்ற கற்றல் தளம் 2020 ஜூனிலேயே தொடங்கப்பட்டிருந்தது. அதன் பாடநூல்களும் கூகுள் வகுப்பறையும் உலாவியிலேயே திறக்கும். உலாவி எந்தப் பக்கமும் திரும்பும் என்பதால் அங்கே சிக்கல் குறைவு. தனித்தனியே பதிவிறக்கும் பயிற்சி, விளையாட்டு, படிவச் செயலிகளில்தான் பூட்டு அதிகம்.

அகலம் தேவைப்படும் வேலைகள்

எல்லா வேலைக்கும் அகலவாக்கு வேண்டும் என்பதில்லை. பாடநூலின் ஒரு பக்கம் நெட்டுவாக்கில்தான் முழுதாகத் தெரியும். தமிழில் நீண்ட விடை எழுதும் மாணவருக்கு அகலவாக்கில் ஒரு தொல்லையும் உண்டு: திரை விசைப்பலகை ஏறக்குறைய பாதி உயரத்தை எடுத்துக்கொள்ளும்; வினா மேலே மறைந்துவிடும். தனி விசைப்பலகை இணைத்தால் அந்தத் தொல்லை தீரும், ஆனால் டேப்லட் அகலவாக்கில்தான் நிற்க வேண்டும். செயலி பூட்டியிருந்தால் விசைப்பலகை இருந்தும் பயனில்லை.

அட்டவணை என்று வந்தால் அகலம் இல்லாமல் முடியாது. தோட்டத்துக் கணக்கே இதற்குச் சான்று. ரப்பர்க் காலமானாலும் செம்பனைக் காலமானாலும் கிராணி எனப்படும் தோட்ட எழுத்தரின் செக்ரோல், அதாவது வருகைப் பதிவுப் புத்தகம், ஒரே வடிவம்தான்: இடப்பக்கம் பெயர்கள் மேலிருந்து கீழாக, மாதத்தின் நாள்கள் குறுக்காக. இப்போது குலைக் கணக்கையும் வருகையையும் செயலியில் பதியும் தோட்ட நிறுவனங்கள் உண்டு.

பத்து அங்குல டேப்லட்டின் திரை ஏறத்தாழ 21.7 சென்டிமீட்டர் நீளம், 13.6 சென்டிமீட்டர் அகலம். பெயருக்கு மூன்றரை சென்டிமீட்டர் ஒதுக்கினால், அகலவாக்கில் 31 நாள் கட்டங்களும் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டராக ஒரே பார்வையில் அடங்கும். நெட்டுவாக்கில் பூட்டிய செயலியில் அதே கட்டங்கள் 17 நாளோடு முடிந்துவிடும். மாதத்தின் பின்பாதியைப் பார்க்க விரலால் தள்ள வேண்டும். தள்ளினால் பெயர் மறையும். வேறொருவர் வரிசையில் கணக்கு ஏறுவதற்கு அது போதும். பள்ளியின் மதிப்பெண் பட்டியலுக்கும் கால அட்டவணைக்கும் இதே நிலைதான்.

எது நியாயமான பூட்டு?

சில செயலிகளுக்கு ஒரே திசைதான் பொருந்தும். பியானோ வாசிக்கும் செயலிக்கு அகலம் இல்லாமல் முடியாது. காசோலையைப் படமெடுக்கும் வங்கிச் செயலிக்கும் அப்படியே. இணைய அணுகல்தன்மைக்கான உலக நெறிகளின் 2.1 பதிப்பு 2018இல் வெளியானபோது, திசை பற்றித் தனி விதி ஒன்று சேர்ந்தது. வேலைக்கே இன்றியமையாததாக இருந்தாலன்றி, உள்ளடக்கத்தை ஒரே திசையில் பூட்டக்கூடாது என்கிறது அது. சக்கர நாற்காலியின் கைப்பிடியில் டேப்லட்டைப் பொருத்தியிருப்பவரால் அதைத் திருப்ப முடியாது. திரும்ப வேண்டியது செயலிதான். நிரலாளரின் நேரம் மிச்சமாவதை இந்த விதி காரணமாக ஏற்பதில்லை.

இயங்குதளங்களின் கெடுபிடி

செயலிகள் தாமாகத் திருந்தாததால் இயங்குதளங்களே தலையிட்டன. 2021இல் வந்த ஐபேட்ஓஎஸ் 15, ஐபோனுக்காக மட்டும் எழுதிய செயலிகளையும் அகலவாக்கில் நிறுத்திய ஐபேடில் நேராகக் காட்டத் தொடங்கியது. ஆண்ட்ராய்டு 12எல் 2022 மார்ச்சில் வெளியாகி, பூட்டிய செயலியை நடுவில் நிமிர்த்தி இருபுறமும் கறுப்புப் பட்டை விடும் முறையைக் கொண்டுவந்தது. தலையைச் சாய்த்துப் படிக்கும் தொல்லை தீர்ந்தது, ஒடுக்கம் தீரவில்லை.

2025 ஜூனில் வெளியான ஆண்ட்ராய்டு 16 இன்னும் ஒரு படி மேலே போனது. திரையின் குறுகிய பக்கம் 600 டிபி (ஆண்ட்ராய்டு திரையை அளக்கும் அலகு) அளவோ அதற்கு மேலோ இருந்தால், செயலியின் பூட்டுக் குறிப்பை அது பொருட்படுத்தாது. பெரும்பாலான டேப்லட்டுகள் இந்த வரம்புக்குள் வரும். விளையாட்டுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. நிரலாளர்கள் தற்காலிகமாக விலகிக்கொள்ளவும் வழி விடப்பட்டிருக்கிறது. அடுத்த பதிப்பில் அந்த வழியும் அடைபடும் என்று கூகுள் அறிவித்தது.

இந்த விதி செயல்பட இரண்டு நிபந்தனைகள் உண்டு. செயலி ஆண்ட்ராய்டு 16ஐ இலக்காகக் கொண்டு புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும்; டேப்லட்டிலும் அதே பதிப்பு ஓட வேண்டும். விலை குறைந்த டேப்லட்டுகளுக்குச் சில ஆண்டுகளில் புதுப்பிப்பு நின்றுவிடும். நன்கொடையாகவும் அரசுத் திட்டங்களிலும் கிடைத்த பழைய சாதனங்களை வைத்திருக்கும் பள்ளிக்கும் வீட்டுக்கும் இந்தத் தீர்வு எட்டுவதில்லை.

கையிலுள்ள சாதனத்தில் செய்யக்கூடியவை

முதலில் தானியங்கிச் சுழற்சி இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டில் திரையின் மேலிருந்து இழுத்தால் வரும் விரைவு அமைப்புகளிலும், ஐபேடில் கட்டுப்பாட்டு மையத்தில் பூட்டுப் படமாகவும் அது இருக்கும். 2014க்கு முந்தைய ஐபேடுகளின் பக்கவாட்டில் ஒரு சிறு பொத்தான் உண்டு. அமைப்பைப் பொறுத்து அது ஒலியை அடக்கும் அல்லது சுழற்சியைப் பூட்டும். கைமாறி வந்த ஐபேடில் அதையும் பார்ப்பது நல்லது.

அடுத்து, உலாவியைத் திறந்து டேப்லட்டைத் திருப்ப வேண்டும். உலாவியும் திரும்பாவிட்டால் கோளாறு அமைப்பிலோ உணரியிலோ இருக்கிறது. மறுதொடக்கம் செய்து பார்க்கலாம். உலாவி திரும்பி, ஒரு செயலி மட்டும் திரும்பாவிட்டால் அது செயலியின் பூட்டு. அந்தச் செயலிக்கு இணையதளம் இருந்தால் உலாவியிலேயே திறந்து பயன்படுத்துவது எளிய மாற்றுவழி. ஆண்ட்ராய்டில் திரையை வலுக்கட்டாயமாகத் திருப்பும் செயலிகளும் கிடைக்கின்றன. அவை பிற செயலிகளின் மேல் தோன்ற அனுமதி கேட்கும் என்பதாலும், திருப்பிய பக்கத்தில் பொத்தான்கள் திரைக்கு வெளியே போய்விடக்கூடும் என்பதாலும், மாணவர் சாதனங்களில் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

பெற்றோர் ஆசிரியர் சங்கமோ பள்ளி வாரியமோ புதிதாக டேப்லட் வாங்கும்போது, நினைவகத்தையும் திரை அளவையும் கேட்பதோடு நிற்காமல், எத்தனை ஆண்டுகள் இயங்குதளப் புதுப்பிப்பு வரும் என்றும் கேட்க வேண்டும். பள்ளி அன்றாடம் பயன்படுத்தும் செயலிகளைக் கடையிலேயே ஒரு மாதிரிச் சாதனத்தில் நிறுவி, உறையோடு அகலவாக்கில் நிறுத்திப் பார்த்தால், எவை திரும்பும், எவை திரும்பா என்பது பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.