பகலில் உத்தியோகம், இரவில் ஆராய்ச்சி!

திருக்கழுக்குன்றத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் செல்லும் சாலையில் அணுபுரம் இருக்கிறது. பெயரின் பின்பாதியை மட்டும் கேட்டால் பல்லவர் காலத்து ஊர் என்று தோன்றும். முன்பாதியோ இருபதாம் நூற்றாண்டுக்குச் சொந்தம். கல்பாக்கத்தில் உள்ள அணுசக்தி இலாகா ஸ்தாபனங்களில் வேலை பார்ப்பவர்களுக்காக எழுந்த குடியிருப்பு இது. காலையில் பஸ் ஏறி வேலைக்குப் போகிறார்கள், மாலையில் திரும்புகிறார்கள், கடைக்குப் போகிறார்கள், குழந்தைகளின் பாடத்தைக் கவனிக்கிறார்கள். மற்ற ஊர்களைப் போலத்தான்.

ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் சில வீடுகளில் மட்டும் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பரீட்சைக்குப் படிக்கும் பையனின் விளக்கு என்று நினைத்துவிட வேண்டாம். பையன் தூங்கிவிட்டான். படிப்பவர் அவனுடைய தகப்பனார், அல்லது தாயார். நாற்பது வயதில், உத்தியோகத்தையும் விடாமல், டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவர்கள் இவர்கள்.

எதற்காக இந்தப் பாடு? கைநிறையச் சம்பளம் வருகிறது, வீடு இருக்கிறது. பட்டம் இல்லாவிட்டால் அடுப்பு எரியாதா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் வேண்டுமானால் கொஞ்சம் பழைய கதையைப் பார்க்க வேண்டும்.

சர்வகலாசாலையைத் தேடி

டாக்டர் ஹோமி பாபா, அணுசக்திக்கு வேண்டிய விஞ்ஞானிகளை வெளியிலிருந்து எதிர்பார்த்துக் கொண்டிருக்கவில்லை. 1957-இல் பம்பாயை அடுத்த டிராம்பேயில் ஒரு பயிற்சிப் பள்ளி ஆரம்பமாயிற்று. புதிதாகப் பட்டம் பெற்ற இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டு கடுமையாகப் பயிற்சி கொடுத்து, உடனே வேலையில் அமர்த்தினார்கள். வேலை கிடைத்தது. ஆனால் டாக்டர் பட்டம் வேண்டுமென்றால் வெளியே ஒரு சர்வகலாசாலையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

1971-இல் கல்பாக்கத்தில் ரியாக்டர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 1985 முதல் அது இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என்று பெயர் பெற்றது. அங்கே வேலை பார்த்தவர்களும் சென்னை சர்வகலாசாலை போன்றவற்றில் பதிவு செய்து படித்தார்கள். சென்னை சுமார் 70 கிலோ மீட்டர் தூரம். பல்லைக் கடித்துக்கொண்டு அலைந்தவர்கள் பலர்.

அப்படி உத்தியோகத்தோடு படித்து மேலே வந்தவர்களில் பல்தேவ் ராஜ் ஒருவர். 1947-இல் பிறந்த அவர், எஞ்ஜினீயரிங் பட்டத்துடன் 1969-இல் அணுசக்தி இலாகாவில் சேர்ந்தார். 1974-இல் கல்பாக்கம் வந்தார். பொருளை உடைக்காமல், அறுக்காமல், உள்ளே இருக்கும் குறையைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை முறைகளில் நிபுணரானார். டாக்டர் பட்டத்தைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம் அவருக்கு அளித்தது. 2004-இல் கல்பாக்கம் ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராகி 2011 வரை அப்பதவியில் இருந்தார். 2018-இல் காலமானார். பயிற்சிப் பள்ளி மாணவர் ஒரு பெரிய ஸ்தாபனத்தின் தலைவரானதற்கு, வேலையின் நடுவே விடாது செய்த ஆராய்ச்சியும் ஒரு காரணம் என்றால் மிகையல்ல.

வேலை செய்யும் இடமே கலாசாலை

2005-இல் நிலைமை மாறியது. ஹோமி பாபா தேசிய நிறுவனம், பட்டம் வழங்கும் உரிமையுள்ள நிகர்நிலைப் பல்கலைக் கழகமாக அங்கீகாரம் பெற்றது. இதன் அமைப்பு விசித்திரமானது. தலைமைக் காரியாலயம் மும்பையில் இருக்கிறது. ஆனால் ஆராய்ச்சியோ அதன் அங்கமான பல ஸ்தாபனங்களில் நடக்கிறது. டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையம், கல்பாக்கம் மையம், சென்னைக் கணித விஞ்ஞானக் கழகம், மும்பை டாட்டா நினைவுப் புற்றுநோய் மையம் எல்லாம் அதில் அடக்கம்.

இதனால் என்ன லாபம்? கல்பாக்கத்து எஞ்ஜினீயருக்கு அவர் தினமும் வேலை செய்யும் கூடமே ஆராய்ச்சிக்கூடம். அனுபவமிக்க சக விஞ்ஞானியே வழிகாட்டி. பயிற்சிப் பள்ளியில் படித்த ஓராண்டுப் பாடமும் வீண் போவதில்லை. மேற்கொண்டு ஓராண்டு ஆய்வு செய்து ஏடு சமர்ப்பித்தால் எம்.டெக். பட்டம் பெற வழி உண்டு. டாக்டர் பட்ட மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு குழு உண்டு. எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறார் என்று அது அவ்வப்போது கேள்வி கேட்கும். காரியாலயத்தில் பத்துப் பேருக்கு மேலதிகாரியானாலும், அந்தக் குழுவின் முன்னால் அவர் மாணவர்தான்!

கேள்வி கேட்கும் யந்திரம்

வேலையே ஆராய்ச்சிக்குப் பொருள் தருவதற்குக் கல்பாக்கத்தில் உதாரணம் தேட வேண்டியதில்லை. 1985 அக்டோபர் 18-ஆம் தேதி இயங்கத் தொடங்கிய வேக ஈனுலை, பிரெஞ்சுக்காரர்களின் 'ராப்சோடி' உலையை முன்மாதிரியாகக் கொண்டது. அதற்கு வேண்டிய செறிவூட்டிய யுரேனியம் கிடைக்கவில்லை. ஆகவே புளுட்டோனியம், யுரேனியம் இரண்டின் கார்பைடு கலந்த எரிபொருளை இங்கேயே தயாரித்தார்கள். அத்தகைய எரிபொருளையே முக்கிய எரிபொருளாக வைத்து அதற்கு முன்பு உலகில் எவரும் உலை நடத்தியதில்லை. உலைக்குள் இருக்கும்போது அது எவ்வளவு வீங்கும், எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு எந்தப் புத்தகத்திலும் விடை கிடையாது. வேலை செய்கிறவர்களே ஆராய்ந்து எழுத வேண்டியதாயிற்று.

உலையைக் குளிர்விக்கும் திரவ சோடியமும் அப்படித்தான். காற்றுப் பட்டால் எரியும்; தண்ணீர் பட்டால் சீறும். கண்ணாடி போன்ற தெளிவும் அதற்கு இல்லை. உள்ளே மூழ்கியிருக்கும் பாகத்தைப் பார்க்க வேண்டுமானால், செவிக்கு எட்டாத ஒலியலைகளை அனுப்பித்தான் பார்க்க வேண்டும். இத்தகைய இடத்தில் ஒருவர் தம் வேலையைச் சரிவரச் செய்ய முற்பட்டாலே பாதி ஆராய்ச்சியாளராகி விடுகிறார். மீதிப் பாதிக்குத்தான் இரவு விளக்கு.

தலைமைக்கும் ஒரு சாஸ்திரம்

யந்திரத்தை ஆராய்வதோடு நில்லாமல், அதை நடத்தும் மனிதரையும் ஆராய வேண்டும் என்ற எண்ணம் உலகெங்கும் வளர்ந்திருக்கிறது. தலைமை என்பது பிறவிக் குணமா, பழகி வருவதா என்று பல்கலைக் கழகங்களில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்கிறார்கள். பல வருஷம் உத்தியோகம் பார்த்தவர்களே இத்துறையை விரும்புகிறார்கள்.

இதன் ஆரம்ப ஆராய்ச்சிகளில் ஒன்று சிறுவர்களை வைத்து நடந்தது. 1939-இல் அமெரிக்காவின் அயோவாவில் கர்ட் லூவினும் இரு சகாக்களும், பத்து வயதுப் பையன்களின் கைவேலைக் குழுக்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு தலைவர் அதிகாரம் செய்தார். ஒருவர் பையன்களைக் கலந்துகொண்டு நடத்தினார். ஒருவர் எப்படியோ போகட்டும் என்று விட்டுவிட்டார். அதிகாரத் தலைவர் இருக்கும்வரை வேலை நடந்தது; அவர் வெளியே போனதும் படுத்துவிட்டது. கலந்து நடத்தியவரின் குழுவோ அவர் இல்லாதபோதும் வேலையைத் தொடர்ந்தது.

1978-இல் ஜேம்ஸ் மக்ரிகர் பர்ன்ஸ், 'கொடுத்து வாங்கும்' தலைமை வேறு, மனிதர்களையே உயர்த்தும் தலைமை வேறு என்று பிரித்துக் காட்டினார். நம் நாட்டில் பாட்னாவைச் சேர்ந்த ஜே.பி.பி. சின்ஹா 1980-இல் வெளியிட்ட நூலில், இந்தியத் தொழிலாளி எதிர்பார்ப்பது வேறு என்றார். பரிவு காட்ட வேண்டும். ஆனால் வேலையில் விட்டுக்கொடுக்கக் கூடாது. வீட்டுக்குப் பெரியவர் நடந்துகொள்வது போலத்தான்!

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1986-இல் செர்னோபில் விபத்து நடந்த பிறகுதான் 'பாதுகாப்புப் பண்பாடு' என்ற சொல்லே அணு உலகில் பரவியது. தவற்றைக் கண்ட இளையவர் மேலதிகாரியிடம் பயமின்றிச் சொல்ல முடிகிறதா என்பது அதில் முக்கியமான கேள்வி. சர்வதேச அணுசக்தி ஏஜென்சி 2016-இல் வெளியிட்ட பாதுகாப்பு விதித் தொகுதி ஒன்றுக்குத் தலைமையும் நிர்வாகமுமே பொருள்.

கல்பாக்கத்துக்கும் ஒரு சோதனை நாள் வந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமியின்போது கடல்நீர் ஏறிக் குளிர்விக்கும் பம்புகள் நின்றன. சென்னை அணுமின் நிலையத்தில் அப்போது ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையை ஊழியர்கள் பத்திரமாக நிறுத்தினார்கள். கரையோரக் குடியிருப்பில் உயிர்ச்சேதம் நேர்ந்த அதே வேளையில் இது நடந்தது. அத்தகைய நேரத்தில் உத்தரவுக்காகக் காத்திராமல் செயல்படும் மனிதர்கள் எப்படி உருவாகிறார்கள்? டாக்டர் பட்டத்துக்குத் தகுந்த கேள்விதான்.

மேலதிகாரி கேட்டால் உண்மை வருமா?

உத்தியோகஸ்தருக்கு இத்துறையில் ஒரு சௌகரியமும் உண்டு, ஓர் ஆபத்தும் உண்டு. இருபது வருஷ அனுபவம் கையில் இருக்கிறது. புதிதாகக் கலாசாலையிலிருந்து வந்தவருக்குப் புலப்படாத விஷயம் இவருக்குச் சட்டென்று புலப்படும். அது சௌகரியம்.

ஆபத்து எது? தம் கீழ் வேலை பார்ப்பவரிடமே கேள்வித்தாளை நீட்டி, 'உம் அதிகாரியின் தலைமை எப்படி?' என்று கேட்டால், அவர் என்ன எழுதுவார்? 'மிக நன்று' என்றுதான் எழுதுவார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது அல்லவா! ஆகவே நேர்மையான ஆராய்ச்சியாளர் தம் பிரிவை விட்டு வேறிடத்தில் விசாரிக்கிறார், பெயர் கேட்பதில்லை, சம்மதம் பெற்றுக்கொண்டே கேட்கிறார். 'எனக்குத் தெரியும்' என்ற எண்ணத்தை மூட்டை கட்டி வைப்பது இருபது வருஷ அதிகாரிக்கு எளிதல்ல. பட்டம் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம் அதுதான்.

சட்டம் சொல்வது

பல்கலைக் கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிகள், பகுதி நேர டாக்டர் பட்டத்தைத் தெளிவாக அனுமதிக்கின்றன. வேலை கொடுத்தவரிடமிருந்து ஆட்சேபணையின்மைச் சான்று வாங்க வேண்டும். ஆராய்ச்சிக்குப் போதிய நேரம் கிடைக்கும் என்றும், பாடவகுப்புக்கு அவசியமானால் வேலையிலிருந்து விடுவிப்போம் என்றும் அதில் இருக்க வேண்டும். பாடவகுப்பு உட்படக் குறைந்தது மூன்று ஆண்டு. அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டு. பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் உடற்குறை உள்ளவர்களுக்கும் இன்னும் இரண்டு ஆண்டு சலுகை. ஆக மொத்தம் பத்து. பெண்களுக்குப் பிரசவ விடுப்பு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரை உண்டு. ஐ.ஐ.டி. போன்றவற்றுக்குச் சொந்த விதிகள் இருக்கின்றன.

திருக்கழுக்குன்றத்துச் சங்கு தீர்த்தத்தில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சங்கு பிறக்கும் என்பார்கள். ஆராய்ச்சியாளருக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது!

குறுக்கு வழி கூடாது

பட்டத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் இருக்கும் இடத்தில் அதை விற்கிறவர்களும் இருப்பார்கள். வீட்டிலிருந்தபடியே அயல்நாட்டு டாக்டர் பட்டம் என்ற விளம்பரங்களுக்குக் குறைவில்லை. கம்பெனிகள் அயல்நாட்டுக் கல்வி ஸ்தாபனங்களோடு சேர்ந்து இணையவழியில் தரும் டாக்டர் பட்டங்கள் செல்லாது என்று மானியக் குழுவும், தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலும் 2022 அக்டோபரில் எச்சரித்தன. பிறர் எழுத்தைக் களவாடினாலும் தப்ப முடியாது. 2018-ஆம் ஆண்டு விதிப்படி, ஆய்வேட்டில் 60 சதவீதத்துக்கு மேல் பிறர் எழுத்தோடு ஒத்திருந்தால் மாணவரின் பதிவே ரத்தாகும். தலைமையைப் பற்றிய ஆய்வேட்டைக் காசு கொடுத்து எழுதுவித்தவர், பிறகு யாருக்கு எப்படித் தலைமை தாங்குவார்?

வீட்டார் தரும் மானியம்

எந்த விதியிலும் எழுதப்படாத சான்று ஒன்று உண்டு. அது வீட்டார் தரும் ஆட்சேபணையின்மைச் சான்று. ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் கடற்கரைக்குப் போகாமல் நின்றுவிடும் பயணமும், உறவினர் கலியாணத்தில் காலியாக இருக்கும் ஒரு நாற்காலியும் ஆராய்ச்சியின் செலவுக் கணக்கில் ஏறுவதில்லை. 'இன்னும் எத்தனை வருஷம்?' என்ற கேள்வியை எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். படிப்பவர் மனைவியானால் நிலைமை இன்னும் கடினம். சமையலும் குழந்தையும் அவருக்காகக் காத்திருக்கின்றன; பகுதி நேரம் என்பது அவர் விஷயத்தில் நடுநிசி நேரம். சட்டம் தரும் இரண்டு வருஷச் சலுகையைவிட, கணவர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்ப்பது அவருக்கு அதிக உதவி.

ஆகவே இறங்குவதற்கு முன் ஒருவர் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது நல்லது. விடை தெரிந்தே தீரவேண்டும் என்று தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி ஒன்று உண்டா? தம்மை விட வயதில் சிறியவர் குறை சொன்னால் பொறுத்துக்கொள்ள முடியுமா? வீட்டாரிடம் மனம் விட்டுப் பேசியாயிற்றா? மூன்றுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால் தயங்க வேண்டியதில்லை. பெயருக்கு முன்னால் இரண்டெழுத்துச் சேர்த்துக்கொள்ள மட்டும் ஆசை என்றால், அந்த விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.